மிளகு மூட்டில் ஊற்றிய தண்ணீர்

ஈரம் உறிஞ்சும் மெஷினின் தொட்டியைப் பின்வாசல் மிளகுக்கொடியின் மூட்டில், வேரடி மண்ணில் கவிழ்த்துவிட்டு, ஈரத்தில் உப்பிப்போன கதவை வழக்கம்போல் காலால் ஒரு தள்ளு தள்ளி அடைத்து, ஜான்ரோஸ் ரப்பர் பாலெடுக்கப் போனார். சற்று நேரத்தில் ஆட்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். மரத்தடியிலேயே நெஞ்சடைத்து உயிர் போயிருந்தது. அன்று அந்த வீட்டில் வெகுநேரம் ஒருவருக்கும் கண்ணீர் வரவில்லை.

வீடு திற்பரப்பு அருவியின் சாரல் எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனி ஆடியில் சுவர் வியர்க்கும், பைபிள் அட்டையில் பூசணம் பூக்கும், மகள் ஜினிக்கு மூச்சு இழுக்கும். அவளுக்காகத்தான் ஜான்ரோஸ் மார்த்தாண்டத்திலிருந்து மெஷினை வாங்கிவந்தார். கதவு ஜன்னலை அடைத்துத்தான் அதை ஓட்டவேண்டும் என்பது அவர் சட்டம். சாவு விழுந்த துட்டி வீட்டிலோ அடக்கம் முடிந்து ஜெபம் நடக்கும்வரை வாசலை அடைக்கக் கூடாது. வாசல் திறந்து கிடந்தது. மெஷினை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது தெருவின் ஈரத்தையெல்லாம் குடித்தது. அக்கம்பக்கத்தில் கொட்டுகிற மழையிலும் ரப்பர் ஷீட்டுகள் புகையில்லாமல் காய்ந்தன. அழ வந்தவர்களின் கண்ணீர் கன்னத்தில் இறங்குமுன் மறைந்தது. யார் யாரோ தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தண்ணீர் உப்புக் கரித்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த வீட்டுப் பூங்கனி, ஜான்ரோஸின் மனைவி நேசம்மாளின் காதருகே குனிந்தாள். "ஏட்டி, ரெண்டு சொட்டாவது விடு. ஆளுவ என்ன நெனைக்கும்?"

"வரமாட்டேங்குது அக்கா."

கடைசியில் பூங்கனிதான் காரணம் கண்டு பிளக்கைப் பிடுங்கினாள். சிறிது நேரத்தில் வீடு முழுக்க அழுதது.

மறுநாள் விடிந்தபோது குளியலறையிலிருந்து ஜினியின் கட்டில்வரை ஈரக் காலடிகள் கிடந்தன. இடது பெருவிரல் சற்று விலகியிருந்தது, அவருடையதுதான். உயிரோடு இருந்தபோதும் குளித்ததும் மகளின் மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவார். அதன்பிறகு நேசம்மாள் மெஷினைத் தொடவில்லை. காலடிகள் தினமும் வந்தன. துணிகளில் கரும்புள்ளி விழுந்தது, கல்யாணப் போட்டோவில் இருவர் முகத்திலும் பூசணம் ஏறியது, அவள் பொருட்படுத்தவில்லை. ஆடிக் கடைசியில் ஜினியின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

"அம்மா, அதப் போடு," என்றாள் ஜினி, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி.

"போட்டா அப்பா காஞ்சு போவாவ மக்கா."

"அப்பா எதுக்கு இங்க வந்து நிக்காவன்னு நெனச்ச? எனக்க மூச்சப் பாக்கத்தானே?"

நேசம்மாள் ஜன்னல்களை அடைத்தாள். பின்கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். சுவிட்சைப் போட்டாள். முதலில் குதிகால்கள் மறைந்தன, பிறகு பாதங்கள். கட்டிலருகே அந்தப் பெருவிரல் மட்டும் சில நாள் இருந்து, அதுவும் போயிற்று. ஜினி நேராகப் படுத்துத் தூங்கினாள். தொட்டித் தண்ணீரை நேசம்மாள் சொட்டுச் சிந்தாமல் மிளகு மூட்டில் ஊற்றிவந்தாள்.

வருஷங்கள் போயின. பங்குனி வெயிலில் கிணறு வற்றினாலும் அந்த மூட்டில் இரண்டு பாதங்களின் அளவுக்கு மண் ஈரமாகவே இருக்கிறது. மிளகு பறிக்க வரும் பூங்கனி அதை மிதிக்காமல்தான் ஏணி சாய்க்கிறாள். வீட்டுக்குள் மெஷின் எல்லாவற்றையும் உலர்த்திவிட்டது. பின்வாசல் கதவு மட்டும் உப்பியபடியே இருக்கிறது. இன்றும் காலால் ஒரு தள்ளு தள்ளினால்தான் அடையும்.