நாகவள்ளிக்கு அடிவாரம் வரை

1

இந்தக் கதை ஓர் எக்செல் தாளிலிருந்து பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. இங்கே வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் உமாபதி, குடும்பத்தோடு ஐரோப்பிய மலைநாடு ஒன்றுக்குப் போகிறார். (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். விசா கொடுப்பவர்களைப் பகைத்துக்கொள்ள எனக்கு வசதிப்படாது.) போன வருடம் நான் போய்வந்த இடம் அது. எந்த ரயில் பாஸ் மலிவு என்று கேட்க என்னைக் கூப்பிட்டார். இஞ்சி டீயும் முறுக்கும் வந்தன. நகைச்சுவைக் கதைக்கு நல்ல சரக்கு என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "முழுப் பாஸா, பாதிக் கட்டண அட்டையா என்று முடிவெடுப்பதற்குள் உமாபதியின் தலையில் பாதி நரைத்து..."

வேண்டாம். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பனியை ஃப்ரீசரில் மட்டுமே பார்த்திருந்த நாகவள்ளி..."

இதுவும் நகரவில்லை. இந்தப் பெயரை எழுதினாலே எனக்குக் கோபம் வருகிறது. கோபம் அவள் மேல் இல்லை.

நாகவள்ளி, பெரம்பலூர் பக்கம். உமாபதி வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். ஒன்பது வயது ஆதித்யாவை மூன்று வயதிலிருந்து பார்த்துக்கொள்பவள் அவள்தான். விடுமுறையிலும் அவனை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக அவளுக்கும் விசா எடுத்திருந்தார்கள்.

(* இப்போதுதான் கவனித்தேன். உமாபதி "அவர்", நாகவள்ளி "அவள்". இரண்டு பேருக்கும் நாற்பத்திரண்டு வயது. என் கை தானாக எழுதியிருக்கிறது. மேலே உள்ளதைத் திருத்தப் போவதில்லை, என் லட்சணம் உங்களுக்குத் தெரியட்டும். இனிமேல் அவர்.)

3

அந்த நாட்டில் குடும்ப அட்டை என்று ஒன்று உண்டு. (ரேஷன் கார்டு இல்லை.) பெற்றோர் பாஸ் எடுத்தால் குடும்பத்தில் மற்றவர்களுக்குச் சலுகை. உமாபதி தன் எக்செல் தாளில் அதற்கு நேரே நான்கு பெயர்களையும் எழுதிவைத்திருந்தார்.

"நாகவள்ளியும் நம்ம ஃபேமிலிதான் சார். என் விசாலதானே இருக்கா? நான்தானே கஃபீல்?" என்றார்.

கஃபீல் என்றால் விசாவுக்குப் பொறுப்பாளர். இங்குள்ள காகிதங்களில் மனைவி, மகன், வீட்டு வேலைக்கு வந்தவர் மூவருமே அவர் பெயருக்குக் கீழே இருப்பார்கள். அதை அப்படியே ரயில் கம்பெனிக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். வளைகுடாவில் பதினைந்து வருடம் இருந்தவருக்குத்தான் இப்படி ஒரு நம்பிக்கை வரும்.

நான் இருக்கும்போதே பதில் வந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே குடும்பம். உமாபதியின் மனைவி ஜெயலட்சுமி அதை வாசித்துவிட்டு, "அப்ப இவளுக்கு ஃபுல் டிக்கெட்டா? மலை ரயிலுக்கு வேற தனியா கேக்குறான்" என்றார்.

சலுகை கிடைக்கும்வரை குடும்பம். கிடைக்காது என்றதும் இவள்.

4

இரண்டாவது டீயோடு வந்த நாகவள்ளி என் பக்கத்தில் நின்றார்.

"சார், நீங்க போயிருக்கீங்களே, மேல பனியத் தொட்டா கை வெறைச்சுப் போயிடுமா? எம்மவ கனகா வீடியோவுல காட்டச் சொல்லியிருக்கா. காலேஜுல எல்லார்ட்டயும் சொல்லிட்டாளாம், எங்கம்மா பனிமலைக்குப் போவுதுன்னு."

"வெறைக்கும்மா. பாத்துத் தொடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

உமாபதி குரலைத் தாழ்த்தி, "என்ன சார் பண்ணலாம்?" என்றார்.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். முதல் வரைவில் அந்த வேலையை ஜெயலட்சுமிக்குக் கொடுத்தேன். வசனம் நன்றாக வந்தது, கதையும் ஓடியது. ஆனால் பொய். அதைச் சொன்னது நான்.

"அவங்களுக்கு மேல வரைக்கும் எதுக்கு சார்? அடிவாரம் வரைக்கும் எடுங்க. கீழ ஸ்டேஷன்லயே உக்காரட்டும், பெட்டிக்கும் ஆளாச்சு."

முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னேன். முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூமில் எட்டுப் பேரை அடைக்கிறார்களே என்று கொதித்து மூன்று கதை எழுதிய நான்தான் இந்த யோசனையைச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யோசிக்கக்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது.

6

முடிவு அ: கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்ட நாகவள்ளி, "நான் வரல, என் பாஸ்போர்ட்டக் குடுங்க, ஊருக்குப் போறேன்" என்று...

நிறுத்திவிட்டேன். பாஸ்போர்ட் உமாபதியின் அலமாரியில் இருக்கிறது. கனகாவின் படிப்பு இந்த வேலையில் இருக்கிறது. அவரைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்து கைதட்டுவது என்ன நியாயம்?

முடிவு ஆ: எழுத்தாளன் திருந்துகிறான். இதை நிஜத்திலேயே செய்து பார்த்தேன். இன்று காலை உமாபதிக்கு போன் போட்டு, "சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன்.

"அட, கலாஸ், எல்லாம் முடிச்சாச்சு சார்! பாஸ் நேத்தே போட்டாச்சு. நீங்க சொன்ன மாதிரியேதான், அடிவாரம் வரைக்கும். மலை ரயிலுக்கு அங்க கவுன்ட்டர்ல மூணு டிக்கெட் எடுத்துட்டா முடிஞ்சுது. உங்க ஐடியா சூப்பர்னு ஜெயாவே சொன்னா."

"இல்ல சார், நாகவள்ளிக்கு நான் வேணா..."

"சேச்சே, நீங்க எதுக்கு? அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா சார்."

வைத்துவிட்டார். அவர் கெட்டவரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

7

வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். நான் முடிவு எழுத மாட்டேன். நல்லதாக ஒன்று எழுதிவிட்டால் நீங்களும் நானும் நிம்மதியாகிவிடுவோம். நாகவள்ளி கீழேதான் உட்கார்ந்திருப்பார்.

அதனால் உங்களை அங்கே அனுப்பிவைக்கிறேன். மலையடிவார ஸ்டேஷன். வரிசையில் உமாபதி நிற்கிறார், அவருக்கு அடுத்து நீங்கள். பெட்டிகளுக்கு நடுவே குனிந்து ஆதித்யாவின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறார் நாகவள்ளி. எத்தனை பேர் என்று கவுன்ட்டரில் கேட்கிறார்கள். உமாபதி மனைவியைத் திரும்பிப் பார்த்து, "மூணு போதும்ல?" என்கிறார். சத்தமாகவே கேட்கிறார். இங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியம்.

உங்களுக்குத் தெரியும்.