பெட்டிக்கு முன்னால் மரியாதை

எங்கள் கரைக்கு ஆராய்ச்சி செய்ய வராதவர்கள் குறைவு. கடற்பாசியை ஆராய ஒரு கூட்டம் வரும், சதுப்பு மண்ணைக் குடைந்து பார்க்க ஒரு கூட்டம் வரும், எங்கள் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டு போக இன்னொரு கூட்டம் வரும். எல்லோருக்கும் டீ கொடுத்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டி அனுப்பிவிடுவோம். லோர்கன் வந்தது வேறு விஷயத்துக்கு. நாங்கள் வீட்டுக்குள் என்ன பாஷை பேசுகிறோம் என்று அளக்க வந்தான்.

அளந்துவிட்டுச் சும்மா போகிறவன் இல்லை. வீடுகளில் எங்கள் பாஷையான ஐரிஷ் போதுமான அளவு புழங்குகிறது என்று அவன் அறிக்கை எழுதினால்தான் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது டீச்சர் வேலை நிலைக்கும். அந்த இரண்டாவது டீச்சர் என் மகள் எத்னா. வேலை போனால் அவள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பெர்த்தில் இருக்கிறார்கள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

லோர்கன் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கினான். தலைநகர் டப்ளின் பையன். ஐரிஷைப் பல்கலைக்கழகத்தில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவன். அவன் பேசும் ஐரிஷ் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும், ஒரு சுருக்கம் இருக்காது. முதல் நாள் காலை, அழகான ஐரிஷில் வெண்ணெய் கேட்டான். என் கணவர் ஃபெஸ்டி ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"தாராளமா எடுத்துக்கங்க டாக்டர். உங்க ஐரிஷ் ரொம்ப நல்லா இருக்கு."

எங்கள் வழக்கம் அது. வெளியாள் ஒருவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்ற இடத்திலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிடும். பாதி சொன்ன ஜோக்காக இருந்தாலும் மீதியை ஆங்கிலத்தில்தான் முடிப்போம். அவருக்கு ஐரிஷ் தெரியுமா, தெரியாதா என்று யாரும் பார்ப்பதில்லை. வந்தவரைச் சிரமப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். லோர்கன் ஐரிஷில் கேட்பான், நாங்கள் ஆங்கிலத்தில் சொல்வோம். அவனுடைய ஐரிஷை மதித்தது எங்கள் நாய் ஷெப் மட்டும்தான். ஷெப்புக்குப் பெயர்தான் ஆங்கிலம். ஆங்கிலத்தில் உட்காரச் சொன்னால் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். லோர்கன் ஐரிஷில் சொன்னதும் பட்டென்று உட்கார்ந்தது. பாவம், பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தான். தீப்பெட்டி அளவுதான், மேலே ஒரு பச்சை விளக்கு. பேச்சைப் பதியாதாம், என்ன பாஷை, எவ்வளவு நேரம், போட்டவர் பேச்சா மற்றவர் பேச்சா, கெஞ்சலா அதட்டலா என்று மட்டும் கணக்கு வைக்குமாம். ஒரு வாரம் சட்டையில் மாட்டிக்கொண்டு வழக்கம்போல இருங்கள் என்றான். ஊரில் ஒருவரும் மறுக்கவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். எங்கள் வீட்டில் சண்டையே ஐரிஷில்தானே நடக்கிறது!

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஃபெஸ்டி பெட்டியைக் கழற்றி வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பச்சை விளக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நாளைக்கு மழை வரலாம் என்றார். வரலாம் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். எத்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, இது பெட்டி. மனுஷன் இல்ல."

"பெட்டியா இருந்தா என்ன? டப்ளின்லேந்து வந்திருக்கு. அத வச்சுக்கிட்டு நாம நம்ம பாஷைல பேசினா அது என்ன நெனைக்கும்?"

"அது அதுக்குத்தானேப்பா வந்திருக்கு!"

"சத்தம் போடாத. கேட்டுக்கிட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் வீட்டுக் கிறுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். ஊர் முழுக்க அந்த வாரம் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

வாரக் கடைசியில் ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டு லோர்கன் முடிவைச் சொன்னான். இந்தக் கரையில் ஐரிஷ் அநேகமாக இல்லை. எங்கேயாவது இரண்டு வார்த்தை, அதுவும் அதட்டல் மாதிரி. யாரிடம் பேசியது என்று அவனுக்குப் புரியவில்லை.

"நாய்கிட்டப்பா" என்றார் இறால் பிடிக்கும் பாச்சீன். "மாட்டுகிட்டயும்."

உடனே சாவடி கொதித்தது. எங்களுக்கா ஐரிஷ் இல்லை, எங்களுக்கா என்று ஆளாளுக்கு எழுந்து நின்று கத்தினார்கள். எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில். லோர்கன் விருந்தாளி அல்லவா? அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எத்னா பின்வரிசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோர்கன் நல்லவன். இன்னொரு வாரம் பார்க்கலாம் என்றான். இந்தத் தடவை ஃபெஸ்டியை நம்ப நான் தயாராக இல்லை. இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் யாரோடு எல்லோரும் ஐரிஷ் பேசுகிறோமோ, பெட்டி அவர் கழுத்தில் தொங்கட்டுமே! காலையில் ஷெப்பின் பட்டையில் மாட்டி, ரோமத்துக்குள் மறைத்துவிட்டேன். பச்சை விளக்கு கண்ணில் படாததால் ஃபெஸ்டியின் வாயும் திறந்துகொண்டது. மனிதர் காலை முதல் மாலை வரை ஷெப்பிடம் ஐரிஷில் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார், பாதி என்னைப் பற்றி.

மறு வாரம் லோர்கன் சமையலறைக்கு ஓடி வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"பாபீன், உங்க வீட்ல இருக்கிற அளவுக்கு ஐரிஷ் நான் எங்கயும் பாத்ததில்ல! ஒண்ணுதான் புரியல. பெட்டிய யார் போட்டிருந்தாங்க? எல்லாரும் அவர்கிட்ட ஐரிஷ்ல பேசிக்கிட்டே இருக்காங்க. கெஞ்சுறாங்க, திட்டுறாங்க, மணிக்கணக்கா பேசுறாங்க. அவரு ஒரு வார்த்த பதில் சொல்லல!"

"அவர் கொஞ்சம் பேச்சு கம்மி" என்றேன், ஆங்கிலத்தில்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஷெப் உள்ளே வர வேண்டும்? லோர்கன் உட்காரச் சொன்னான், உட்கார்ந்தது. கழுத்தைத் தடவிக் கொடுத்தவன் கை பட்டைக்கு வந்ததும் நின்றது. பெட்டியை முந்தின நாளே கழற்றியிருந்தேன், ஆனால் அதை இறுக்கக் கட்டிய என் சமையலறை நூல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "நான் பொய் எழுத முடியாது, பாபீன்" என்று மட்டும் ஐரிஷில் சொன்னான். எனக்கு அப்போதும் ஆங்கிலம்தான் வந்தது. "பரவாயில்ல டாக்டர், டீ குடிக்கிறீங்களா?" என்றேன். அவமானமாக இருந்தது, அவன்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, என்மேல் அதைவிட.

முதல் வாரக் கணக்கு அறிக்கையில் போயிற்று. கோடை முடிவதற்குள் இரண்டாவது டீச்சர் வேலையை எடுத்துவிட்டார்கள். எத்னா பெர்த்துக்கு டிக்கெட் வாங்கினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் முழுக்க நாங்கள் ஒழுங்காகப் பேசவில்லை. துணிப்பெட்டி கட்டுவதும் எடை பார்ப்பதுமாகப் பொழுது போயிற்று. சொல்ல வேண்டியதை பஸ் நிறுத்தத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். ஃபெஸ்டி வாசலோடு நின்றுவிட்டார். நாலு பேர் பார்க்க அழ மாட்டார் அவர். நானும் ஷெப்பும் போனோம்.

கால்வே நகரத்துக்குப் போகும் பஸ் வந்தது. டிரைவர் புதுப் பையன், முன்பின் பார்த்ததில்லை. இறங்கி வந்து, "குடுங்கம்மா, நான் வைக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டான். பிறகு எங்கள் பக்கத்திலேயே நின்றான்.

எத்னா என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா" என்றாள் ஐரிஷில். "ஏதாவது சொல்லும்மா."

டிரைவர் கேட்டுக்கொண்டு நிற்கிறான். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஒடம்ப பாத்துக்க. போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஷெப் ரோட்டின் நடுவில் போய் நின்றது. "எருமை, இந்தப் பக்கம் வாடா, சக்கரத்துல மாட்டிக்கப் போற!" என்று கத்தினேன். அதற்கு ஐரிஷில்தானே கத்த முடியும்?

ஏறப்போன டிரைவர் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நீங்க நம்மாளா? நான் அந்தக் கரைதாம்மா, எதிர்ப்பக்கம்" என்றான், எங்கள் வீட்டுப் பேச்சுக்குக் கொஞ்சமும் குறையாத ஐரிஷில். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? கவலப்படாதீங்க, கால்வேல ஏர்போர்ட் பஸ்ல நானே ஏத்தி விடுறேன்."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் எத்னாவின் முகம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் கிடந்த கல்மேல் உட்கார்ந்து, அவளிடம் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் ஷெப்பிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டது. அது பதில் சொல்லாது என்று எனக்குத் தெரியும்.