நோரீன் வீட்டுப் புகைபோக்கிச் சுவர்

எங்கள் தெருவில் யார் வீட்டு விஷயத்திலும் நான் தலையிடுவதில்லை. ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி வைத்திருப்பேன், அவ்வளவுதான். செடிக்கு வெளிச்சம் வேண்டுமே. அந்தச் செடி இரண்டு வருஷத்துக்கு முன்பே பட்டுப்போனது வேறு கதை.

எதிரே பதினொன்றாம் எண்ணும் பதின்மூன்றாம் எண்ணும் ஒட்டுவீடுகள். நடுச்சுவர் ஒன்று, கூரைமேல் புகைபோக்கியும் ஒன்று. இங்கிலாந்தில், எங்கள் ஸ்டாக்போர்ட் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பக்கத்து வீட்டு இருமலைக் கேட்டுக்கொண்டு வாழ்கிறோம். பதினொன்றில் நோரீன். பதின்மூன்றில், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வில்ஃப். பல வருஷங்களுக்கு முன்பு, டிவி சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று நோரீன் ஒரு சீட்டு எழுதி, அவர் கதவில் தபால் போடும் துளையில் போட்டாள். கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்; எங்கள் தெருவில் யாரும் தட்டமாட்டோம். அன்றிலிருந்து வில்ஃப் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் டிவி பார்க்கிறார். அவளைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அவருக்குக் கோபம் என்று அவள் நினைத்தாள். தன்னால் அவளுக்குத் தொந்தரவு என்று அவர் நினைத்தார். இரண்டும் எனக்குத் தெரியும். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் நோரீனின் கணவன் கிளைவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. இனி மாடி ஏற முடியாது. கீழே முன்னறையில் கட்டில் போட்டு, சக்கர நாற்காலி திரும்ப இடமும் இருந்தால் வீட்டுக்கு அனுப்புவோம், இல்லையென்றால் முதியோர் காப்பகம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முன்னறையிலோ கணப்படுப்புக்கு மேலே புகைபோக்கிச் சுவர் தொந்தி மாதிரி ஒன்றரை அடி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கட்டிலைப் போட்டால் நாற்காலி திரும்பாது.

கொத்தனார் டகி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"கீழ இருக்கறத இடிச்சிடலாம் நோரீன். மாடியில இருக்கற செங்கல் தலையில விழக்கூடாதில்ல, அதுக்கு ஒரு இரும்பு உத்தரம் கொடுக்கணும். அதோட முனை நடுச்சுவர்ல உக்காரும். அதனால பக்கத்து வீட்டு மனுஷன் சம்மதம்னு எழுதிக் கொடுக்கணும்."

"கொடுக்கலேன்னா?"

"பதினாலு நாள்ல பதில் வரலேன்னா, மறுத்துட்டதாத்தான் சட்டம் எடுத்துக்கும். அப்புறம் சர்வேயர் அது இதுன்னு மாசக்கணக்காகும்."

ஆஸ்பத்திரியில் கிளைவை அவ்வளவு நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நோரீன் இரண்டு பக்கம் கடிதம் எழுதினாள். எங்கே போட்டிருப்பாள்? அதே துளையில்தான்.

பதின்மூன்றாம் நாள், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது அவளைப் பிடித்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு வரி எழுதலையே ஆவ்ரில். அவ்வளவு வெறுப்பு."

"போய்த் தட்டித்தான் பாரேன்."

"ஐயோ, வேணாம். பாவம், அவர ஏன் சங்கடப்படுத்தணும்."

வில்ஃபின் மனைவி உயிரோடு இருந்தபோது இரவல் வாங்கிய கேக் டப்பா ஒன்று ஆறு வருஷமாக என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல நாள் வராது. போய்த் தட்டினேன். கடிதம் அவர் கணப்படுப்பு மேலே கடிகாரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. கணப்பில்தான் நெருப்பு இல்லை. வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது, மனிதர் இரண்டு ஸ்வெட்டரோடு நின்றார்.

"என்ன வில்ஃப், கரி தீந்துபோச்சா?"

"அந்தப் பக்கம் இடிக்கப் போறாங்கல்ல. புகை அவங்க அறைக்குள்ள போயிடக்கூடாதேன்னு லெட்டர் வந்த அன்னிக்கே அணைச்சிட்டேன்."

"அப்ப உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?"

"எனக்கென்ன ஆட்சேபணை? இருந்தா சொல்லியிருப்பேன். இல்லாததனாலதான சும்மா இருக்கேன்."

"ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?"

"மொதப் பக்கமே அவ்வளவு மரியாதையா இருந்துச்சு. அதுக்கு மேல எதுக்கு?"

படித்துக் காட்டினேன். நாளையோடு கெடு முடிகிறது, சும்மா இருந்தால் மறுத்ததாக அர்த்தம் என்ற இடம் வந்ததும், மனிதர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"பதிமூணு நாளா நான் அந்தப் பொண்ணுக்கு முடியாதுன்னா சொல்லிக்கிட்டிருக்கேன்?"

நின்றபடியே சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுச் செருப்போடு வெளியே போய், நோரீன் கதவுத் துளையில் காகிதத்தை நுழைத்துவிட்டு, திரும்பி நடக்க ஆரம்பித்தார். இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னாலேயே போய் நானே அவள் கதவை ஓங்கித் தட்டினேன்.

நோரீன் கதவைத் திறந்தாள், கையில் அந்தக் காகிதம். பாதி வழியில் வில்ஃப்.

"மன்னிச்சிடும்மா," என்றார் தன் செருப்பைப் பார்த்து. "நான் சரின்னுதான் சும்மா இருந்தேன்."

"உள்ள வாங்க வில்ஃப். டீ போடறேன்." பிறகு என்னையும் பார்த்தாள். "நீயும்தான் வாயேன், எப்படியும் எட்டித்தான் பாக்கப்போற."

திங்கட்கிழமை டகி இடிக்க ஆரம்பித்தான். எண்பது வருஷத்துப் புகைக்கரி, தெரு முழுக்க. என் ஜன்னலை மூன்று முறை துடைத்தேன், வேறு வழி? உத்தரம் ஏறி, பூச்சு காய்ந்து, இரண்டு வாரம் கழித்து ஆம்புலன்ஸில் கிளைவ் வந்து இறங்கினான். நாற்காலியை வில்ஃப்தான் தள்ளினார். கட்டிலுக்குப் பக்கத்தில், தொந்தி இருந்த இடத்திலேயே, ஒரு முழு வட்டம் சுற்றிக் காட்டினார், பஸ் நிலையத்தில் வண்டி திருப்புகிற மாதிரி. இப்போது அவர் வீட்டு டிவி சத்தம் என் வீடு வரை கேட்கிறது. கிளைவுக்கும் கேட்க வேண்டுமாம்.

எனக்கு ஒரே ஒரு குறை. கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறார்கள். நான் திரையை விலக்கும்போதெல்லாம் கிளைவ் அங்கிருந்து கையாட்டுகிறான். நானும் ஆட்டத்தான் வேண்டியிருக்கிறது.