கட்டில் பக்கத்து வாளி

ஆஸிபா அந்தப் படத்தை எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எடுத்தாள்.

2007ஆம் வருடக் கோடை அது. நியூ ஜெர்சியில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எட்டுப் பேர், ஆஸிபாவும் அதில் ஒருத்தி, பேராசிரியர் எலன் மார்ஷோடு யூட்டாவின் தென்கோடியில் இருக்கும், பழங்குடிகளான நவஹோ மக்களின் நிலத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கு மாணவர்களே வீடு வரைந்து, தங்கள் கையாலேயே கட்டித் தரவேண்டும். அதுதான் பாடம். வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கி மேலே மண் பூசிய சுவர், கூரையில் விழும் மழையைச் சேர்க்க ஒரு தொட்டி, குளிர்காலத்து வெயில் நேராக உள்ளே விழும்படி தெற்கே பெரிய ஜன்னல். கரண்டுக் கம்பி எட்டாத இடத்தில் வெயிலையும் மழையையும் வைத்தே வீட்டை ஓட்ட வேண்டும்.

நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே ஊரிலிருந்த வீட்டிலிருந்து அவளுடைய அம்மா சுலைகா தினமும் போன் செய்தாள். "அங்க ஹலால் கிடைக்குமா புள்ள?" என்பது முதல் கேள்வி. "வெயில்ல கறுத்துப் போகாத" என்பது கடைசி வார்த்தை. அத்தா ஹாஜா நஜ்முதீனுக்கோ பெருமை பிடிபடவில்லை. மருந்துக் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கும் அத்தனை பேரிடமும், "மக நவஹோ ஜனங்களுக்கு வீடு கட்டித் தரப் போயிருக்கா" என்று சொல்லி முடித்திருந்தார்.

வீடு வில்மா நகாய்க்கு. ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். கணவன் இறந்தபின் தனியாக, முப்பது வருடப் பழைய டிரெய்லர் வீடு ஒன்றில் இருந்தாள். குழாய்த் தண்ணீர் கிடையாது. வாரம் இரண்டு முறை பிக்கப் வண்டியில் நீலப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு மைல் போய்ப் பிடித்துவர வேண்டும். தரைப் பலகை ஓரிடத்தில் உளுத்து, மிதித்தால் அமுங்கும். அதன்மேல் ஒரு பலகையை ஆணியடித்து, பலகைமேல் பாயும் போட்டிருந்தாள். அப்படித்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தாள். பாத்திரங்கள் பளபளவென்று ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. கட்டில்மேல் சிவப்புக் கம்பளி ஒரு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஒரு வாளியில் சேர்த்து, கதவுக்கு வெளியே வைத்து, மாலையில் மிளகாய்ச் செடிகளுக்கு ஊற்றுவாள்.

அந்த ஒழுங்குதான் ஆஸிபாவுக்குத் தொந்தரவாகப் போயிற்று. வேலையைப் படம்பிடித்துப் பதிவு செய்யும் பொறுப்பு அவளுடையது. வீடு முடிந்ததும் ஒரு பரிசுப் போட்டிக்கு அனுப்பவேண்டும். அவள் காட்டிய பழைய வீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒண்ணுமே தெரியலையே. அந்த அம்மா என்ன கஷ்டத்துல இருக்காங்கன்னு பார்க்கிறவங்களுக்கு உறைக்கணும்."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பழியை அவர்மேல் போட முடியாது என்று பின்னால் ஆஸிபா பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வில்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். வரைபடங்களை வெயில் படாமல் வைத்துக்கொள்ளட்டும் என்று டிரெய்லர் சாவியை மாணவர்களிடம் அவளே கொடுத்திருந்தாள். ஆஸிபா உள்ளே போனாள். சிவப்புக் கம்பளியை உருவி மூலையில் போட்டாள். கீழே இருந்த கறை படிந்த மெத்தை தெரிந்தது. பாத்திரங்களை ஆணியிலிருந்து கழற்றி அடுப்புமேல் குவித்தாள். பாயை எடுத்து உளுத்த தரையைத் திறந்துவிட்டாள். அப்படியும் ஏதோ குறைந்தது. வெளியே போய், கழுவுதண்ணீர் வாளியைத் தூக்கிவந்து கட்டில் பக்கத்தில் வைத்தாள். நான்கு முறை க்ளிக் செய்தாள். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைத்தாள். பத்து நிமிஷ வேலை.

வில்மா திரும்பிவந்தபோது எட்டுப் பேருக்கும் தர்ப்பூசணி வாங்கி வந்திருந்தாள். முதல் துண்டை ஆஸிபாவிடம் நீட்டினாள். ஆஸிபா வாங்கித் தின்றாள்.

வீடு நல்லபடியாக முடிந்தது. படங்கள் புத்தகமாயின; இருபது பக்கம், வழவழத் தாள், மூன்றாம் பக்கம் முழுக்க அந்தக் கட்டிலும் வாளியும். பரிசும் கிடைத்தது. டிசம்பரில் ஒரு நாள் காலை கல்லூரி அரங்கத்தில் பாராட்டு விழா. வில்மாவை விமானத்தில் வரவழைத்திருந்தார்கள். பச்சை வெல்வெட் சட்டையும், நீலக் கல் மாலையும் அணிந்து முதல் வரிசையில், ஆஸிபாவின் அத்தா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் பேசியது ஆஸிபாதான். திரையில் படம் வந்தது. பத்தடி உயரத்துக்கு அந்த மெத்தை, அந்த வாளி. அரங்கத்தில் ஒரு 'த்சு' சத்தம் பரவியது. "கட்டிலுக்குப் பக்கத்துலயேவா..." என்று யாரோ ஒரு பெண் முணுமுணுத்தது மேடைவரை கேட்டது. அதை ராத்திரியில் மலஜலம் கழிக்கும் வாளி என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் கணத்தில்தான் ஆஸிபாவுக்கு விளங்கியது. இல்லை, அது பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். மைக் கையில்தான் இருந்தது. அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

கடைசியில் வில்மாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"வீடு நல்லா இருக்கு. கதகதப்பா இருக்கு. தேங்க் யூ," என்றாள். இறங்கப் போனவள் நின்று, "அந்த வாளியை நான் அங்க வைக்கிறதில்ல," என்றாள்.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து அரங்கம் சிரித்தது. கை தட்டியது. வில்மா சிரிக்கவில்லை. படியிறங்கும்போது ஆஸிபாவை ஒரு தடவை பார்த்தாள். ஆஸிபாவுக்குக் காது மடல் எரிந்தது. பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அன்று மதியம் வில்மாவுக்குப் பிஸ்கட்டவே வீட்டில் விருந்து என்று சுலைகா முன்பே சொல்லியிருந்தாள். அவள் வராமல் இருந்துவிட வேண்டும் என்று ஆஸிபா உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். வில்மா வந்தாள். காரில் அத்தா ஓயாமல் பேசினார்.

"நூறு புக் எக்ஸ்ட்ரா வாங்கிட்டேன். பள்ளிவாசல்ல வச்சாச்சு. ஓக் ட்ரீ ரோட்ல நம்ம கடைங்கள்லயும் குடுத்திருக்கேன். எல்லாம் பார்க்கட்டுமே!"

வில்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டுமே ஆறுதலாக இருந்தது.

மேசையில் பிரியாணி ஆவி பறந்தது. "சிஸ்டர், கொஞ்சம் இன்னும் போட்டுக்குங்க," என்று சுலைகா தன் இங்கிலீஷில் உபசரித்தாள். வில்மா மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு ஆஸிபாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் படம் எப்ப எடுத்த?"

"நீங்க தண்ணிக்குப் போயிருந்தப்ப."

"கம்பளி எங்க போச்சு?"

ஆஸிபா தட்டைப் பார்த்தபடி சொன்னாள். கம்பளியை எடுத்தது, பாத்திரங்களைக் குவித்தது, வாளியைக் கொண்டுவந்து வைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சுலைகாவின் கை பிரியாணிச் சட்டியின் மூடிமேல் அப்படியே நின்றது.

"அவங்க இல்லாதப்ப அவங்க படுக்கையைக் கலைச்சியா?" என்று தமிழில் கேட்டாள். குரல் உயரவில்லை. "நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தி பூந்து, என் படுக்கையை உருவிப் போட்டு, படம் எடுத்து ஊருக்குக் காட்டுனா நான் உசுரோட இருப்பேனாடி?"

அத்தா எழுந்துபோய் ஜன்னல் பக்கமாக நின்றார்.

"சாரி, மிஸ் வில்மா," என்றாள் ஆஸிபா. சொன்ன வார்த்தை அவள் காதுக்கே சில்லறையாகக் கேட்டது.

வில்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "ஃபார்மிங்டன்ல என் தங்கச்சி இருக்கா, வெர்னா," என்றாள். "காலேஜ்லேர்ந்து அவளுக்கும் ஒரு புக் அனுப்பியிருக்காங்க. எனக்கு இன்னும் வரல. போன வாரம் போன் பண்ணி, 'கட்டில் பக்கத்துல என்ன வாளி? நம்ம அம்மா உனக்கு இப்படியா சொல்லிக் குடுத்தாங்க?'ன்னு கேட்டா. பொய் சொல்ற, உனக்கு என் வீட்டைப் பார்த்துப் பொறாமைன்னு திட்டிப் போனை வச்சிட்டேன். அதுக்கப்புறம் நாங்க பேசல."

ஆஸிபா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நீ அவளுக்கு போன் பண்ணு," என்றாள் வில்மா. "இப்ப. நான் சொன்னா அவ நம்பமாட்டா."

சமையலறைச் சுவரில் இருந்த போனில் வில்மாவே எண்ணை அழுத்திக் கொடுத்தாள். எதிர்முனையில் வெர்னா எடுத்தாள். ஆஸிபா தான் யாரென்று சொன்னாள். முதலிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இல்லை. இன்னும் அசிங்கமாக இருந்தது.

வெர்னா கடைசிவரை கேட்டாள். பிறகு, "அதை எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?" என்றாள்.

"இன்னைக்கு மட்டும் இருநூறு பேர்."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்குச் சொல்ற? போனை எங்க அக்காகிட்டக் குடு."

வில்மா போனை வாங்கிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, தங்கள் மொழியில் வெகுநேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவை அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று ஆஸிபாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

திங்கட்கிழமை அவள் பேராசிரியரிடம் போனாள். அவர் முகம் வெளுத்தது. "இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் கேட்டிருக்கணும்," என்றார். பரிசு கொடுத்தவர்களுக்கு அன்றே கடிதம் போயிற்று. அவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பதினான்கு வாரம் வெயிலில் சேர்ந்து மண் குழைத்த சக மாணவன் க்ரிஷ் அவளிடம் வந்து, "வீடு நிஜமாவே நல்லா இருந்துச்சு ஆஸிபா. அந்தப் படமே தேவைப்படல," என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு பட்டம் வாங்கும்வரை அவளோடு பேசவில்லை. விழாவுக்கு வந்தவர்களின் முகவரிகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொருவருக்கும் அவள் கடிதம் எழுதினாள். வாளியில் இருந்தது பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பதை முதல் வரியிலேயே எழுதினாள்.

புத்தகங்களைத் திரும்ப வாங்க அத்தா கூட வந்தார். முதல் மளிகைக் கடையில், "பிரிண்டிங் மிஸ்டேக் ஆயிடுச்சு பாய், அதான்..." என்று ஆரம்பித்தார். ஆஸிபா குறுக்கிட்டாள்.

"மிஸ்டேக் இல்ல அங்கிள். அந்தப் படத்தை நான் பொய்யா செட் பண்ணி எடுத்தேன்."

கடைக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். அத்தா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அடுத்த கடைகளில் அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். மகளே உள்ளே போய்ச் சொன்னாள். நூறில் எழுபத்தொன்று திரும்பி வந்தன. மற்றவை யார் யார் வீட்டில் கிடக்கின்றனவோ.

பிப்ரவரியில் வில்மாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. விசாரிப்பு ஒன்றும் இல்லை. மழைநீர்த் தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் உறைந்து வெடித்துவிட்டது, வடக்குச் சுவரில் மண் பூச்சு உதிர்கிறது, யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

வசந்த விடுமுறையில் ஆஸிபா தனியாகப் போனாள். பக்கத்துச் சின்ன ஊர் மோட்டல் ஒன்றில் தங்கி, நான்கு நாள் வந்துபோய் வேலை செய்தாள். குழாயைப் பிரித்து, உறைபனி எட்டாதபடி ஆழமாகப் பள்ளம் தோண்டிப் புதைத்தாள். உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினாள். வில்மா காலையில் பஸ் ஓட்டப் போவாள், திரும்பிவந்து வேலையைப் பார்ப்பாள், "இங்க இன்னும் கொஞ்சம் பூசு," என்பாள். அவ்வளவுதான் பேச்சு. வில்மா வெளியே போகிற நேரமெல்லாம் கதவு பூட்டியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆஸிபாவுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பூட்டாமல் போயிருந்தால்தான் இன்னும் தாங்க முடியாமல் இருந்திருக்கும் என்றும் தோன்றியது.

நான்காம் நாள் பிற்பகல் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பப் போனாள். வில்மா கதவைத் திறந்து, "காபி போட்டிருக்கேன். உள்ள வா," என்றாள்.

தெற்கு ஜன்னல் வழியாக வெயில் வீட்டின் பாதித் தரைவரை விழுந்து கிடந்தது. அவர்கள் கணக்குப் போட்டு வரைந்த அதே இடம்வரை. அது சுகமாகக் காலில் பட்டது. ஆஸிபா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கோப்பையை இரு கையாலும் பிடித்து, மேசையை மட்டும் பார்த்துக் குடித்தாள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை.