வெடியை நிப்பாட்டச் சொன்னது ஆர்

அறைக்குள் இருந்தவர்கள்:

லவீனா. விமான நிலையத் தலைமைக் கந்தோரின் பாதுகாப்பு அதிகாரி. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கழுவிய முகம் காயாமல் உட்கார்ந்திருந்தார்.

கனகசபாபதி. பகல் வேலைக்குப் பொறுப்பாளர். ஓடுபாதைப் பக்கம் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் அவர்தான் சேர்.

லெனாட். குருநகர்க்காரன். பறவை கலைக்கிறவன். குற்றவாளி என்று அவனை ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் கைப்பிடி உடைந்த கதிரை அவனுக்குத்தான் போடப்பட்டிருந்தது.

தனுசியா. கவுன்ரரில் நின்று பயணிகளிடம் ஏச்சு வாங்குகிறவள். அன்று எழுதுவதற்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஜெசிதா. துப்புரவுப் பகுதி. லெனாட்டின் மனைவி. தேத்தண்ணி கொண்டுவந்தவள் தட்டோடு மூலையில் நின்றுவிட்டாள். போகச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான், றஜிந்தன். பெட்டி ஏற்றி இறக்குகிறவன். சாட்சி.

மேசையின் நடுவில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காகத்தின் இறகுகள், காய்ந்த இரத்தத்தோடு.

சனிக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து வந்த விமானம் இறங்கும்போது அதன் இடது பக்கக் காற்றாடியில் ஒரு காகம் அடிபட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடிபட்ட விமானத்தை ஒரு பொறியியலாளர் வந்து பார்க்காமல் திரும்ப எழுப்ப முடியாது. பொறியியலாளர் இருப்பது சென்னையில். அவரை ஏற்றிவர வேண்டிய விமானம் எங்கள் முற்றத்தில் நின்றது.

சென்னைக்குத் திரும்பிப் போக ஏற்றிய பெட்டிகளை எல்லாம் நாங்கள் இறக்கினோம். வெயிலில் அதைச் செய்தவனுக்குத்தான் அதன் எரிச்சல் தெரியும். உள்ளே சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள், கூறைச்சேலை எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் தனுசியாவைச் சுற்றி நின்று கத்தினார்கள். பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு பெரியவர், "ஒரு காகத்துக்கு இவ்வளவு எடுப்போ? எங்கடை பஸ் மாட்டோடை இடிபட்டாலும் நிக்காது" என்றார். அந்தப் பெண் அதற்கும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தால்தான் சம்பளம்.

காகத்தை விமானத்தின் வழியில் வராமல் பார்ப்பது லெனாட்டின் வேலை. விமானம் வருவதற்கு முன் ஓடுபாதை ஓரமாகச் சைக்கிளில் போய் வெடி கொளுத்திப் போடுவான். கரையில் மீன் காயவைக்கிற இடங்களிலிருந்து பருந்தும் காகமும் வரும். அவன் முன்பு கடலுக்குப் போனவன், அவற்றின் புத்தி அவனுக்குத் தெரியும். இந்த வேலைக்கான பாஸ் அவன் கைக்கு வரப் பொலிசும் மற்றவர்களும் விசாரித்து விசாரித்து ஒரு வருசம் இழுத்தார்கள். பாதுகாப்புக் குற்றம் என்று ஒருமுறை பாஸைப் பறித்தால் பிறகு கிடைக்காது. நாட்டில் எந்த விமான நிலையத்திலும் ஒரு துடைப்பக்கட்டை பிடிக்கிற வேலைகூடத் தரமாட்டார்கள். திங்கட்கிழமை அந்த அறையில் நடந்த விசாரணை காகத்தைப் பற்றியது அல்ல. லெனாட்டின் கழுத்தில் தொங்கிய அந்த அட்டை அங்கேயே இருக்குமா என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். நான் பெட்டி வண்டியின் நிழலில் இருந்தேன்.

கனகசபாபதி சேருக்குப் புரட்டாதிச் சனி விரதம். முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் அவருக்கு லீவு. வீட்டிலேயே காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவார். புதிய வேலைநேர மாற்றத்தில் அவருக்குச் சனிக்கிழமை விழுந்துவிட்டது. அதனால் எள்ளுச்சோற்றையும் வாழையிலைத் துண்டையும் வேலைக்குக் கொண்டுவந்தார். பெட்டிக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள மதிலில் இலையை விரித்து, சோற்றை வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். மதிலுக்கு அப்பால் ஓடுபாதை. அங்கே லெனாட் வெடி போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு காகமும் வரவில்லை. இவர் கூப்பிடக் கூப்பிட அவன் வெடித்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் சேர் அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். வோக்கியில் கூப்பிடவில்லை. வோக்கியில் பேசுவது எல்லாம் பதிவாகும்.

"டேய் லெனாட், உந்த வெடியைக் கொஞ்சம் நிப்பாட்டு."

"ஏன் சேர்?"

"காகம் ஒண்டும் வருகுதில்லையடா."

"வராமல் பண்ணத்தானே சேர் எனக்குச் சம்பளம்."

"பகிடி விடாதை. காகம் வாய் வைக்காமல் நான் சாப்பிடேலாது. சீனி வருத்தக்காரன். கை நடுங்குது, பார்."

கை உண்மையில் நடுங்கியது. விடியற்காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு நின்ற மனுசன்.

"பிளேன் வரப்போகுது சேர்."

"அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு. நான் பாத்துக்கொள்ளுறன். நீ இதிலை இரு."

லெனாட் என் பக்கத்தில் வந்து குந்தினான். "குருநகரிலை சொன்னா நம்பமாட்டாங்கள் மச்சான்," என்றான். "சேர் காகத்துக்குக் காவல், நான் சேருக்குக் காவல்."

முதலில் ஒன்று வந்தது. பிறகு சுற்று வட்டாரத்துக் காகங்கள் எல்லாம் வந்தன. சேர் ஒரு குழந்தையைப்போலச் சந்தோசப்பட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். அன்று காற்று பின்னாலிருந்து தள்ளியதோ என்னவோ, விமானம் நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டது. சத்தம் கேட்டதும் லெனாட் எழும்பி ஓடி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். மதிலில் இருந்த காகங்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. கிளம்பி ஓடுபாதைக்கு மேலாகத்தான் போயின.

திங்கட்கிழமை விசாரணையில் லவீனா மிஸ் லெனாட்டிடம் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். விமானம் வரும்போது நீர் ஏன் உம்முடைய இடத்தில் இல்லை? அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சேர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மிஸ் என்னிடம் திரும்பினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு, கூப்பிட்டது, கையைக் காட்டியது, நிப்பாட்டச் சொன்னது. ஒன்றும் கூட்டவில்லை. தனுசியா தலையை நிமிர்த்தாமல் எழுதினாள்.

சேருக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "தம்பி றஜிந்தன் கம்பசிலை படிச்சுப் பாதியிலை விட்டவர் மிஸ்," என்றார். "கதை நல்லாக் கட்டுவார்."

"நீங்கள் சோறு வைத்தீங்களா, இல்லையா?"

"வைச்சனான். அது என்ரை விரதம், அதை நான் மறைக்கேல்லை. ஆனால் வெடியை நிப்பாட்டச் சொல்லேல்லை. ஒரு பொறுப்பாளர் அப்பிடிச் சொல்லுவாரோ?"

பிறகு அவர் மூலையைப் பார்த்தார். குரலில் அவ்வளவு தேன்.

"ஜெசிதா, எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்தாச்சோ பிள்ளை? உன்ரை வேலைக் கொன்றாக்டும் இந்த மாசத்தோடை முடியுதல்லே? நான்தானே கையெழுத்து வைக்கோணும். பிறகு வந்து சந்தி."

தட்டில் இருந்த வெறும் கப்புகள் ஒன்றோடொன்று இடித்தன. ஜெசிதா, "ஓம் சேர்" என்றாள். வெளியிலிருந்து வந்த மிஸ்ஸுக்கு அது ஒரு நல்ல மனுசனின் அக்கறையாகக் கேட்டிருக்கும்.

"லெனாட்," என்றார் மிஸ். "றஜிந்தன் சொன்னது உண்மையா? நீர் ஓம் என்றால் நான் வேறு மாதிரி எழுத வேணும்."

வேறு என்ன வேண்டும்? வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்று கூப்பிடுகிறார். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லை மிஸ். சேர் ஒண்டும் சொல்லேல்லை. எனக்குப் பசிச்சுது. சாப்பிட இருந்திட்டன்."

"டேய் விசரா!" என்று நான் எழும்பிவிட்டேன். "ஏன்டா பொய் சொல்லுறாய்?"

"றஜிந்தன், இருங்கோ."

"மிஸ், அவன் அண்டைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை."

"அவர் தன்னுடைய வாயால் சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய?" மிஸ்ஸும் களைத்துப்போய்த்தான் இருந்தார். ஓடுபாதைப் பக்கம் இனிமேல் ஒருவரும் சாப்பாடு வைக்கக்கூடாது என்று தனுசியாவை எழுதச் சொன்னார். சேர் அதற்குப் பெரிதாகத் தலையாட்டினார். பிறகு மிஸ் மேசைக்கு மேலால் கையை நீட்டினார்.

லெனாட் பாஸ் தொங்கிய பட்டியைக் கழுத்திலிருந்து கழற்றினான். அது காதில் சிக்கியது. ஜெசிதா வந்து எடுத்துவிட்டாள். அவள் கழுத்தில் தொங்கிய அட்டை அவன் தோளில் இடித்தது.

பாஸ் இல்லாதவன் உள்ளே தனியாக நடக்கக்கூடாது, பாஸ் உள்ள ஒருவர் வெளிக்கதவுவரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். "றஜிந்தன், நீயே கொண்டுபோய் விடு," என்றார் சேர். வேண்டுமென்றே சொன்னார்.

பெட்டிகள் ஓடுகிற பட்டியைத் தாண்டி, அவற்றைப் படம் பிடிக்கிற மெசினைத் தாண்டி, ஒரு ஒடுங்கிய நடைபாதையால் போனோம். அன்றைய விமானத்துக்கான பெட்டிகள் ஏற்கெனவே வந்து குவிந்து கிடந்தன. யாரோ பனம்பழப் பினாட்டுப் பொதியைச் சரியாகக் கட்டாமல் அனுப்பியிருந்தார்கள். பட்டி எல்லாம் பனங்காய் மணம்.

"சொல்லு," என்றேன். "ஏன்டா?"

"உனக்குக் காது கேக்கேல்லையோ? அவளின்ரை கொன்றாக்ட்."

"அது வெருட்டு. அந்த மனுசி உன்னை நம்பத் தயாராய் இருந்தவ."

"அவ இண்டைக்கு ராத்திரி பஸ் ஏறிக் கொழும்புக்குப் போயிடுவா. நாளைக்கு ஆர் இஞ்சை இருக்கப்போறது? கனகசபாபதி."

"நான் உனக்காண்டித்தானே சொன்னனான்."

"ஆரடா உன்னைச் சொல்லச் சொன்னது?" அவன் நின்றுவிட்டான். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியோ? ஒரு வீட்டிலை ரெண்டு பாஸ் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எச்சரிக்கையோடை விட்டிருப்பினம், அப்பிடித்தான் சேர் எனக்குச் சொல்லியிருந்தவர். நீ சோறு, கா, கா எண்டு எல்லாத்தையும் கொட்டினாப் பிறகு அவர் தப்ப ஒரு ஆளைக் குடுக்கத்தான் வேணும். இல்லாட்டி ரெண்டும் போயிருக்கும். ஒண்டை மிச்சம் பிடிச்சன்."

"அவர் சொன்னதை நீ நம்பினனியோ?"

"நம்பினனோ இல்லையோ, அது என்ரை பாஸ்."

அவன் திரும்பவும் நடக்கத் தொடங்கினான். எனக்கு யார்மேல் எரிச்சல் என்று தெரியவில்லை. விரதக்காரன்மேல், எழுதிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவர்மேல், பொய் சொன்ன இந்த மடையன்மேல். எல்லோர்மேலும்தான்.

என் வோக்கி கரகரத்தது. பறவை ஆள் எங்கே, இன்னும் ஓடுபாதைக்கு வரவில்லையா என்று கட்டுப்பாட்டு ரவரிலிருந்து கேட்டார்கள். பிறகு சேரின் குரல் வந்தது.

"றஜிந்தன் இப்ப வருவான். இண்டையிலையிருந்து அவன்தான்."

லெனாட் பல் தெரியச் சிரித்தான். "வாழ்த்துக்கள் மச்சான். பதவி உயர்வு."

"போடா."

"என்ரை சாப்பாட்டுப் பெட்டியை ஜெசிதாட்டைக் குடு. சைக்கிளுக்குப் பின் ரயர் காத்துப் போகுது, அடிச்சிட்டு ஓடு."

"இனி என்ன செய்யப்போறாய்?"

"கடல்தான். அங்கை ஒருத்தனும் பாஸ் கேக்கமாட்டான்."

வெளிக்கதவுக்கு வந்துவிட்டோம். கம்பிபோட்ட கண்ணாடிக்கு அப்பால் ஓட்டோக்கள் நின்றன. பழக்கத்தில் அவன் கை வெறும் நெஞ்சுக்குப் போய் அட்டையைத் தேடியது. தேடிவிட்டுக் கீழே விழுந்தது. நான் என் அட்டையைக் கதவோரத்து மின்பெட்டியில் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"பிந்துது, ஓடு," என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான். இரும்புக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்தியது. பூட்டு விழுந்தது.