ஏழு பயனெட்டுகள், ஐந்து தோல் மாட்டிகள்

குவைத்தில் இருபது வருஷம் டிரைவராக இருந்துவிட்டுத் தென்னூருக்குத் திரும்பிய மன்சூருக்கு ஒரே ஒரு பித்து. பழைய பயனெட்டுகள். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் மாட்டிய கத்திகள். இரும்புக் கடைகளில் தேடித் தேடி ஏழு சேர்த்திருந்தார். அவற்றை இடுப்பு வாரில் தொங்கவிடும் தோல் மாட்டிகள் கிடைப்பதுதான் அரிது. ஐந்துதான் அகப்பட்டன. தோலில் குத்தியிருந்த எண்கள் அவருக்கு மனப்பாடம்.

மீதி இரண்டுக்கும் மாட்டி கிடைக்குமா என்று கேட்டு முகநூலில் படம் போட்டார். நாலாம் நாள் போலீஸ் வந்தது. தேர்தல் நேரம்.

"லைசென்ஸ் இருக்கா பாய்?" என்றார் ஏட்டு தங்கையன்.

"நூறு வருஷத்துப் பொருளுங்க. முனையெல்லாம் மழுங்கிப் போச்சு."

"இருக்கலாம். மேல சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது?"

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்தார்கள். "தோலை மடக்காதீங்க, வெடிச்சிடும்" என்று ஜீப் கிளம்பும்வரை மன்சூர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழக்கு இழுத்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போவார். பின்னறையின் கம்பி ஜன்னல் வழியே தரையில் கிடக்கும் சாக்கு தெரியும். ஐப்பசியில் அந்த அறை ஒழுகியது.

"திருப்பித் தர வேணாங்க. தொடைச்சு, கொஞ்சம் எண்ணெய் தடவிட்டுப் போயிடறேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

"சீல் வச்சது பாய். தொட்டா என் வேலை போயிடும். கோர்ட்ல கேளுங்க."

மன்சூரின் வக்கீல், ஸ்ரீரங்கத்து ஆனந்தவள்ளி, அதற்கும் மனு போட்டார். அது மூன்று முறை தள்ளிப்போனது. இடையில் ஒரு வெள்ளிக்கிழமை மன்சூர் போனபோது, சாக்கு ஈரத் தரையில் இல்லாமல் ஒரு உடைந்த நாற்காலிமேல் இருந்தது. தங்கையனால் முடிந்தது அவ்வளவுதான்.

பதினாலு மாதம் கழித்து வழக்கு தள்ளுபடியானது. மன்சூர் மனைவி ஸஹ்ராவோடு பொருளை வாங்கப் போனார். சாக்கை அவிழ்த்ததும் பூஞ்சை வாடை வந்தது. கத்திகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு மாட்டியை எடுத்தார். ஈர ரொட்டிபோல விரலிலேயே பிய்ந்து வந்தது. மற்ற நான்கை அவர் தொடவில்லை.

தங்கையன் கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார். 'பொருட்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று தட்டச்சு செய்திருந்தது.

"இப்படியாங்க எழுதறது?" என்றாள் ஸஹ்ரா.

"அப்படி இருந்தாத்தான்மா வெளிய விட முடியும். இல்லாட்டி மறுபடி மனு, மறுபடி வாய்தா." அவர் மன்சூரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மன்சூர் விரல்களில் ஒட்டியிருந்த தோல் துகளைச் சட்டையில் துடைத்தார். "எங்க போடணும்?" என்று கேட்டார்.