ஒழுகாத படகு

அந்தக் கால்வாயோரத்தில் வீடுகளுக்கு முன்வாசல் என்பது பேருக்குத்தான். தபால் அந்த வழியாக வரும், கரண்ட் ரீடிங் எடுப்பவர் வருவார், அவ்வளவுதான். வேண்டியவர்கள் எல்லோரும் பின்பக்கம், தண்ணீர் வழியாக வருவார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு மரமேடை, அதில் கட்டிய ஒரு படகு. கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அச்சடித்த அட்டை எல்லா வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் தொங்கும். இறங்கினால் ஓர் ஆள் உயரம் இறங்கும். அதனால் படகைக் கட்டும்போது கயிற்றில் நாலு முழம் தளர்வு விட வேண்டும். அங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும்.

அந்த வீடுகளில் ஒன்று அவளுடையது. அவளுடைய கணவர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "வேலையில கயிறு இறுக்கமா இருக்கணும், வீட்டுல தளர்வா இருக்கணும். ரெண்டையும் மாத்திச் செஞ்சா ரெண்டு இடத்துலயும் கொலைதான்" என்பார். படகு வாங்கிய புதிதில் அவரைக் கேலிக்காகக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி போய்விட்டது, கேப்டன் நிலைத்துவிட்டது.

படகு பழைய மரப்படகு. மோட்டாரிலிருந்து விசிறித் தண்டு தண்ணீருக்குள் போகிற இடத்தில் ஓயாமல் ஒழுகும். சேர்கிற தண்ணீரை வெளியேற்ற அடிவயிற்றில் ஒரு சின்ன பம்ப் உண்டு. தண்ணீர் ஓர் அளவு சேர்ந்ததும் அதுவே உறுமி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கால்வாயில் துப்பிவிட்டு ஓய்ந்துவிடும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தரம், இரவு பகல் கிடையாது. விருந்தாளிகள் திடுக்கிட்டு எழுந்திருப்பார்கள். அவருக்கோ அதைக் கேட்டால்தான் தூக்கம் வரும். "துப்பிட்டா பாரு கிழவி. உசுரோட இருக்கா" என்று படகைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

அவள் மருந்துக்கடை கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம் நின்றவள். டாக்டர் அவருடைய வலிக்குக் கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மருந்தை எத்தனையோ பேரிடம், குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் உயரம். படுத்திருப்பவருக்குக் கால்வாய் தெரியாது, விட்டம்தான் தெரியும். பகலில் தண்ணீரில் பட்ட வெயில் ஜன்னல் வழியே ஏறி விட்டத்தில் வலை வலையாக ஆடும். நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு ஆடாத இருட்டு. அது படகு மறைக்கிற இடம்.

அவர் படுத்துவிட்ட செய்தி தெரிந்ததும் படகுக்காரர்கள் மூன்று வீடு தள்ளியே என்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டு வீட்டைக் கடந்தார்கள். யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை. கால்வாயே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததுபோல் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காற்று அடித்தது. இரண்டு நாளாகக் கண் மூடாதவர் விடியற்காலையில்தான் அசந்திருந்தார். வெளியே படகு மேடையில் போய் மோதிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் அவர் புருவம் சுருங்கியது. அவள் எழுந்து போனாள். இரண்டு கயிறுகளையும் இழுத்து, தளர்வே இல்லாமல் மேடையோடு சேர்த்துக் கட்டினாள். சத்தம் நின்றது.

தெரியாமல் செய்யவில்லை. அரை மணி நேரம், நன்றாகத் தூங்கட்டும், பிறகு அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் இரண்டு நாளாகத் தூங்காதவள்தானே.

கண் விழித்தபோது மத்தியானம். அவர் அசையாமல் கண் மூடிக் கிடந்தார். தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவள் கதவில் இருந்த அட்டையைப் பார்த்தாள். அந்த மாதத்திலேயே கடல் அதிகம் இறங்குகிற நாள் அது.

பின்னால் ஓடினாள். தண்ணீர் கீழே போய்விட்டிருந்தது. படகு ஒரு பக்கம் கயிற்றில் தொங்கியது, கொடியில் போட்ட சட்டை மாதிரி. மறுபக்கம் மூழ்கியிருந்தது. அவர் உட்காரும் இருக்கை, மோட்டார், பம்ப் எல்லாம் தண்ணீருக்குள்.

பக்கத்து வீட்டுக்காரன் படகு மோட்டார் மெக்கானிக். எப்போதும் அந்த வாடையோடு திரிவதால் டீசல் என்று பெயர். ஓடி வந்து சத்தம் போட வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"தேறாது அண்ணி" என்றான் கிசுகிசுப்பாக. "மோட்டார் வயிறு முட்ட உப்புத் தண்ணி குடிச்சிடுச்சு. பலகையும் விட்டுடுச்சு."

"அவருக்குத் தெரியக் கூடாது தம்பி."

"எப்படித் தெரியும்? படுத்த இடத்துலேருந்து பாக்க முடியாதே."

"அவர் என்ன கண்ணாலயா பாக்கறார்? காதாலதானே பாக்கறார்."

டீசல் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். கடல் ஏறத் தொடங்கியதும் தன் மச்சானைக் கூட்டி வந்தான். இருவருமாகக் காலி டிரம்களைக் கட்டிப் படகை மிதக்கவிட்டு, கரையோரமாக நடந்து கயிற்றால் இழுத்தே பட்டறைக்குக் கொண்டு போனார்கள். அது கிடந்த இடத்தில், தன்னுடைய புது ஃபைபர் படகைத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து கட்டினான். நாலு முழம் தளர்வு விட்டு.

சாயங்காலம் அவர் கேட்டார்: "இன்னிக்குக் கிழவி துப்பவே இல்லையே?"

"நீங்க தூங்கறப்ப துப்புச்சே" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த நாற்பது நிமிடத்துக்கு என்ன செய்வது? டீசலின் படகில் பம்ப் இருந்தது. ஆனால் அது புதுப் படகு, ஒரு சொட்டு ஒழுகாது. அவள் குளியலறை வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கால்வாயில் மொண்டு, படகுக்குள் இறங்கி, தரைப் பலகையைத் தூக்கி, அடிவயிற்றில் ஊற்றினாள். இரண்டாவது வாளிக்குப் பம்ப் உறுமித் துப்பியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆங், துப்பிட்டா."

அன்றிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. மருந்து கொடுக்கிற துல்லியத்தோடு நேரம் பார்த்து ஊற்றினாள். சமையலறை அலாரத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளங்கை கொப்பளித்தது.

"அண்ணி, பேசாம என் படகுல நானே ஒரு ஓட்டை போட்டுத் தந்துடறேனே" என்றான் டீசல்.

"உன் பொண்டாட்டி என்னை ஓட்டை போட்டுடுவா. போப்பா."

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்தாவது நாள் மத்தியானம் வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவர் விழித்திருந்தார். குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"இப்படி வந்து உக்காரு."

"மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கு."

"மாத்திரை கிடக்கட்டும். ஒண்ணு கேக்கணும். நம்ம படகு நீ தூங்கினாலும் ஒழுகும். இது என்ன, நீ முழிச்சிருந்தாத்தான் ஒழுகுது?"

அவள் ஈரக் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"அன்னிக்கேதான். முழிச்சு மேல பாத்தேன். நடுவுல இருக்கற நிழல் மெல்லச் சாயுது. தண்ணி இறங்குது, கயிறு இறுக்கமா இருக்குன்னு புரிஞ்சுது. அப்புறம் நிழலே இல்ல. விட்டம் பூரா வெளிச்சம் ஆடுது."

"சாயறப்பவே தெரியுமா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே! ஓடிப்போய் அவிழ்த்திருப்பேனே! பொழைச்சிருக்குமே!"

"கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். நீ என் கையைப் புடிச்சபடி தூங்கறே. வாயப் பொளந்துட்டு, குறட்டை வேற."

"அதுக்கு?"

"ரெண்டு நாள் கழிச்சுத் தூங்கறவளை எழுப்பச் சொல்றியா?"

அவள் அவரையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் துடைத்து, பூசி, திட்டி, கொஞ்சி வைத்திருந்த படகு. அது முழுகுவதை விட்டத்தில் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார், அவள் பிடித்த கையை உருவிக்கொள்ளாமல்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல? பத்து நாளா என்னை வாளி தூக்க விட்டீங்களே, பாவி மனுஷா!"

"சொன்னா உக்காந்து அழுவே. வாளி தூக்கினா அழ ஏது நேரம்?" மூச்சு வாங்கினார். "ஆனா நீ ரொம்ப மெலிஞ்சுட்டே. இனிமே ஊத்தாதே. தூங்கு."

அவள் அவர் கட்டிலிலேயே விளிம்பில் சாய்ந்து, அழுதபடியே தூங்கினாள். அன்று யாரும் எதையும் துப்பவில்லை.

அதற்குப் பிறகு மருந்தின் அளவு கூடியது. அவர் பேசியது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஒருமுறை தன்னை எட்டாவது மாடியில் இறக்கிவிடும்படி அவளிடம் சொன்னார். இன்னொருமுறை நீங்கள் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

நாலாம் நாள் காலை, கடல் ஏறி மேடையைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம், அவர் கண்ணைத் திறந்தார். அவள் கை அவர் கைக்குள் இருந்தது. சிறு பிள்ளைபோல் முகத்தில் ஒரு கலக்கம்.

"ஏன் இன்னும் துப்பல?" என்றார்.

படகு போனதும், நிழல் சாய்ந்ததும், ஊற்றாதே என்று சொன்னதும் எல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இப்ப துப்பும். இதோ துப்பிடும்" என்றாள்.

கையை உருவிக்கொண்டு எழுந்தாள். வாளி மேடையிலேயே இருந்தது. மொண்டாள், இறங்கினாள், பலகையைத் தூக்கினாள், ஊற்றினாள். போதவில்லை. இன்னொரு வாளி. பம்ப் உறுமி, நன்றாகத் துப்பியது. அவள் குனிந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், உள்ளேயிருந்து குரல் வரும் என்று.

வரவில்லை.

ஓடிவந்து பார்த்தபோது கண்கள் விட்டத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. கை, அவள் விட்டுப்போன இடத்திலேயே, விரல்கள் மடங்கியபடி கிடந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு டீசல் வந்தான். மேடையில் நின்றான். கேட்கத் தயங்கிக் கேட்டான்.

"கடைசியா பம்ப் ஓடுச்சா அண்ணி?"

"ஓடுச்சு."

"அண்ணன் கேட்டாரா?"

அதைத்தான் அவள் அத்தனை நாளாக அந்த அறையில் இருந்த ஒவ்வொரு பொருளிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கூட இருந்திருந்தால் பம்ப் ஓடியிருக்காது.

அவளே கயிறுகளை அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் படகில் இறங்கி, துடுப்பை எடுத்தான்.

"ஸ்டார்ட் பண்ணிட்டுப் போப்பா. இனிமே இங்க யார் தூங்கறா?"

"நீங்க தூங்கணுமில்ல அண்ணி" என்றான். துடுப்புப் போட்டுக்கொண்டே போனான்.

அவள் உள்ளே வந்து அவர் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். வெயில் நேரம். விட்டம் முழுக்க, ஓர் இடம் விடாமல், வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நிழல் இருந்த இடம் எது என்று அவள் நெடுநேரம் தேடினாள்.